முதல் போட்டவர்: ஜாக் பெரன் என்னும் பிரெஞ்சுத் தயாரிப்பாளர்

ஒரு திரைப்படத்தின் பெயரைச் சொன்னதும் "யார் நடித்தது?" என்று கேட்போம். சற்று விடயம் தெரிந்தவர்கள் "யார் இயக்கியது?" என்பார்கள். "யார் தயாரித்தது?" என்று கேட்பவர்களைக் காண்பது அரிது. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்தைப் பயிலும் நாங்கள்கூடத் தயாரிப்பாளரின் கடமைகளைப் பரீட்சைக்காகவே மனனம் செய்து வைத்திருக்கிறோம். நிதி திரட்டுதல், கலைஞர்களை ஒப்பந்தம் செய்தல், படப்பிடிப்புக்கு இடமும் அனுமதியும் பெறுதல், விநியோகம் செய்தல் என்று வரிசையாக எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். இந்தக் கடமைகளுக்குள் ஒரு மனிதரின் மனச்சாட்சிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் செய்து பார்த்த வினாத்தாள் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன்.

தமிழில் 'முதல்' என்ற சொல்லுக்கு ஆரம்பம் என்றும் பொருள் உண்டு, தொழிலில் இடும் பணம் என்றும் பொருள் உண்டு. நல்ல தயாரிப்பாளர் ஒருவர் இந்த இரண்டு பொருளிலும் முதல் போடுபவர். கதை ஒருவருடைய மேசையில் கிடக்கும். அதை இயக்க ஒருவர் காத்திருப்பார். நடிப்பதற்கும் ஆட்கள் இருப்பார்கள். ஆனால் "சரி, செய்வோம்" என்று ஒருவர் சொல்லும் வரைக்கும் அது படமாகாது. அப்படிச் சொன்ன ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை.

எமது வீடுகளில் சினிமா என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு கொலையை மூடி மறைக்க முயன்றவர்களை உலகத்தின் முன் நிறுத்திய படமும் சினிமாதான். அந்தப் படம் உருவானதில் ஒரு முஸ்லிம் நாட்டுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இதை அறிந்த பிறகு பெரியவர்களும் இப்பக்கங்களைப் பொறுமையுடன் வாசிப்பார்கள் என நம்புகிறேன்.

ஜாக் பெரன் 1941ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தார். குடும்பப் பெயர் சிமோனே. தாயார் மேடை நடிகை; பெரன் என்பது அவருடைய பெயர். தகப்பனாரும் நாடக அரங்கிலேயே வேலை செய்தவர். மகன் தாயின் பெயரையே தன் தொழிற்பெயராகக் கொண்டார். இளம் வயதிலேயே நடிக்க வந்த அவரை முதலில் கொண்டாடியது பிரான்ஸ் அல்ல, இத்தாலி. இத்தாலிய இயக்குநர் வலேரியோ சுர்லினி 1961இலும் 1962இலும் தம் இரண்டு படங்களில் அவருக்கு முக்கிய பாத்திரங்களைக் கொடுத்தார். 1966இல் வெனிஸ் திரைப்பட விழாவில், இரண்டு படங்களில் நடித்தமைக்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

அதே வருடம், அதே விழாவில் மிக உயர்ந்த பரிசான தங்கச் சிங்கத்தை வென்ற படம் எது தெரியுமா? 'அல்ஜியர்ஸ் யுத்தம்'. பிரெஞ்சு ஆட்சிக்கெதிராக அல்ஜீரிய மக்கள் நடத்திய போராட்டத்தைச் சொல்லும் படம் அது. பிரெஞ்சுக் குழுவினர் அதனைப் பகிஷ்கரித்தார்கள். பிரான்ஸில் அந்தப் படம் சில வருடங்கள் திரையிடப்படவும் இல்லை. ஒரு பிரெஞ்சு இளைஞன் பரிசு வாங்கிய அதே விழாவில் அவனுடைய நாட்டைக் கூண்டில் ஏற்றிய படமும் பரிசு வாங்கியது. இரண்டு வருடங்களில் இந்த இரண்டு பாதைகளும் ஒன்றாகச் சேர்ந்தன.

நடிகராக நன்றாகச் சம்பாதிக்கக்கூடிய நிலையில் இருந்த ஒருவர் 27 வயதில் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். அதன் பெயர் ரெகான் பிலிம்ஸ். ரெகான் என்பது அல்ஜீரியாவின் சஹாராப் பாலைவனத்தில் உள்ள ஓர் ஊரின் பெயருமாகும். 1960 பெப்ரவரி 13இல் பிரான்ஸ் தனது முதலாவது அணுகுண்டை வெடித்துப் பார்த்தது அந்த ஊரின் அருகில்தான். பாரிஸில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயர்ப் பலகையில் அந்தப் பெயர் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

இனி, அந்தக் கம்பெனி எந்தக் கதைக்காக ஓடித் திரிந்தது என்பதைப் பார்ப்போம்.

கிரிகோரிஸ் லம்பிராகிஸ் என்பவர் கிரேக்க நாட்டவர். வைத்தியர், நீளம் பாய்தலில் பேர் பெற்ற விளையாட்டு வீரர், பாராளுமன்ற உறுப்பினர். அணு ஆயுதங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தவர். 1963 ஏப்ரலில் மரதன் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரை ஒரு சமாதான நடைபயணம் ஏற்பாடாகியிருந்தது. அரசாங்கம் அதனைத் தடை செய்து, வந்தவர்களைப் பொலிஸாரைக் கொண்டு தடுத்தது. பாராளுமன்ற உறுப்பினர் என்ற சிறப்புரிமை இருந்தபடியால் லம்பிராகிஸ் மட்டும் பதாகையைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியாக நடந்தார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்தால் இலகுவில் மறக்க முடியாது.

அடுத்த மாதம் 22ஆம் திகதி தெசலோனிக்கி நகரில் அவர் ஒரு சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்தார். வீதி நிறையப் பொலிஸார் நின்றிருந்தார்கள். அத்தனை பேரின் கண் முன்னால் ஒரு முச்சக்கர வண்டி பாய்ந்து வந்தது. பின்னால் இருந்தவன் அவருடைய தலையில் தடியால் அடித்தான். கூட்டத்தில் இருந்த ஒருவர் ஓடும் வண்டியில் பாய்ந்து ஏறிச் சண்டை பிடித்திராவிட்டால் செய்தவர்கள் யாரென்றே தெரியாமல் போயிருக்கும். ஐந்து நாட்களின் பின்னர், மே 27இல், லம்பிராகிஸ் உயிர் துறந்தார். அது ஒரு வீதி விபத்து என்பதே அதிகாரிகள் முதலில் சொன்ன கதை.

அந்தக் கதையை ஒரு விசாரணை நீதவான் நம்பவில்லை. கிறிஸ்டோஸ் சார்ட்சேடாகிஸ் என்பது அவருடைய பெயர். வயது 34. மேலிருந்து எவ்வளவு அழுத்தம் வந்தும் நூலைப் பிடித்துக்கொண்டே போனார். அடித்தவனிலிருந்து அவனை ஏவியவனுக்கும், ஏவியவனிலிருந்து பொலிஸ் உயர் அதிகாரிகளுக்கும் அந்த நூல் போனது. பின்னர் 1967 ஏப்ரல் 21இல் இராணுவ அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கைப்பற்றினர். நீதவான் பதவி நீக்கப்பட்டுச் சிறையிலும் அடைக்கப்பட்டார். (அவர் 1985இல் கிரேக்கத்தின் ஜனாதிபதியானார் என்பதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். இதை வாசிக்கும் எனக்கே மனம் ஆறுதலடைகிறது.)

வசிலிஸ் வசிலிகோஸ் என்ற எழுத்தாளர் இந்தச் சம்பவத்தை நாவலாக எழுதினார். 'இஸட்' என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் அந்த எழுத்து 'அவர் வாழ்கிறார்' என்பதைக் குறிக்கும். கிரேக்கத்தில் பிறந்து பிரான்ஸில் குடியேறிய கொஸ்டா கவ்ராஸ் அதனைப் படமாக்க விரும்பினார். ஸ்பெயினின் சர்வாதிகாரத்தினால் நாடு கடந்து வாழ்ந்தவரும், ஹிட்லரின் வதை முகாமில் இருந்து உயிர் தப்பியவருமான ஹோர்ஹே செம்புருன் திரைக்கதை எழுதினார். எல்லாம் தயார். ஆனால் பணம் போட ஆள் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். படத்தில் காதல் இல்லை. கதாநாயகன் பாதிக்கு முன்னரே இறந்துவிடுகிறான். ஒரு வெளிநாட்டின் அரசியல் வழக்கு. அந்த நாட்டை ஆளும் அரசாங்கத்தைப் பகைக்க வேண்டும். எந்த வியாபாரியும் மறுக்கத்தான் செய்வார். பிரான்ஸில் கேட்ட இடங்களில் எல்லாம் கதவு மூடப்பட்டது. கொஸ்டா கவ்ராஸின் முதல் படத்தில் நடித்தவர் என்ற வகையில் பெரன் அவருடைய நண்பர். அவர்தான் "சரி, செய்வோம்" என்றார்.

ஆனால் அவரிடமும் அவ்வளவு பணம் கிடையாது. ஆகவே, தயாரிப்பாளர் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார் என்பதற்கு இங்கேதான் பாடம் இருக்கிறது. பணம் இல்லாத இடத்தில் அவர் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்த்தார். நடிகர்களிடம் நல்லெண்ணம் இருந்தது. இவ் மொன்தான், ஜான் லூயி ட்ரன்தின்யான் போன்ற பெரிய நட்சத்திரங்கள் தங்கள் வழக்கமான சம்பளத்தைக் கேட்காமல் வந்தார்கள். மிக்கிஸ் தியோடராகிஸ் என்ற மாபெரும் இசையமைப்பாளர் அப்போது இராணுவ ஆட்சியினரால் ஒரு மலைக் கிராமத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். அவருடைய இசையே படத்தில் ஒலித்தது. இனி வேண்டியது ஓர் ஊர். கிரேக்கத்தில் படம் எடுப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது. மத்தியதரைக் கடலோரத்தில், வெள்ளைக் கட்டடங்களும் துறைமுகமும் உள்ள, தெசலோனிக்கியைப் போன்ற ஒரு நகரம் வேண்டும்.

பெரன் அல்ஜியர்ஸுக்குப் போனார்.

132 வருடங்கள் பிரான்ஸின் கீழ் இருந்த நாடு அல்ஜீரியா. 1954 முதல் 1962 வரை மிகக் கொடூரமான ஒரு யுத்தம் நடந்தது. சுதந்திரம் கிடைத்து ஆறே வருடங்கள் ஆகியிருந்தன. குடும்பத்தில் ஒருவரையாவது இழக்காத வீடுகள் குறைவாகவே இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஊருக்கு ஒரு பிரெஞ்சுக்காரன் போய் உதவி கேட்கிறான்! அவர்கள் கொடுத்தார்கள். அல்ஜீரியாவின் அரச திரைப்பட நிறுவனம் கூட்டுத் தயாரிப்பாளராக இணைந்தது. அல்ஜீரிய இயக்குநரான அஹமத் ரஷீதியின் பெயர் பெரனின் பெயரோடு சேர்ந்து தயாரிப்பாளர் இடத்தில் வந்தது. 1968இல் அல்ஜியர்ஸ் வீதிகள் கிரேக்க வீதிகளாக மாறின.

இந்தப் படத்தை வீட்டில் ஆங்கில உபதலைப்புகளுடன் பார்த்தோம். உம்மா இடையில் அடுப்படிக்கும் வந்துபோனார். கடையை மூடிவிட்டு வந்த வாப்பா பாதிப் படத்திலிருந்துதான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதலாவது கேள்வி, "இதுக்கு ஆரு மகள் சல்லி போட்டது?" என்பதுதான். நான் அல்ஜீரியாக் கதையைச் சொன்னதும், "அப்ப அவங்களுக்கு இதுல என்ன லாபம்?" என்று கேட்டார். வியாபாரியின் கேள்வி. இந்தக் கேள்விக்கு நான் பின்னர் வருகிறேன், ஏனென்றால் அது நினைத்ததைவிடக் கடினமான கேள்வி.

படத்தில் நாட்டின் பெயர் சொல்லப்படுவதில்லை. கொல்லப்பட்டவருக்கும் பெயர் இல்லை. ஆனால் தொடக்கத்திலேயே, உண்மைச் சம்பவங்களோடு இதற்குள்ள ஒற்றுமை தற்செயலானதல்ல, வேண்டுமென்றே செய்யப்பட்டது என்று திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். வழக்கமாகப் படங்களில் இதற்கு நேர்மாறாகத்தான் போடுவார்கள். ட்ரன்தின்யான் நீதவானாக வருகிறார். கறுப்புக் கண்ணாடி, குறைந்த பேச்சு. ஆரம்பத்தில் நடந்ததை அவர் 'சம்பவம்' என்றே குறிப்பிடுகிறார். பிறகு ஓரிடத்தில் 'கொலை' என்ற சொல் அவர் வாயில் வருகிறது. துப்பாக்கிச் சத்தமோ பெரிய இசையோ இல்லை. ஒரு சொல் மாறுகிறது, அவ்வளவுதான். தமிழ்ப் பாடத்தில் சொற்பொருள் வேறுபாடு படிக்கும் எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

பெரனும் படத்தில் நடிக்கிறார், பத்திரிகைப் புகைப்படக்காரராக. நல்லவராக அல்ல! இறந்தவரின் மனைவியின் முகத்துக்கு நேரே கமராவை நீட்டும் ஆளாகத்தான் முதலில் வருகிறார். போகப் போக அவருடைய படங்களே சாட்சியமாகின்றன. முடிவில் வழக்கு என்ன ஆனது, சாட்சிகள் என்ன ஆனார்கள் என்பதை அவர் செய்தியாக வாசிக்கிறார். பின்னர் அவர் இல்லை. அவரும் சிறை சென்றுவிட்டதை வேறொரு குரல் அறிவிக்கிறது. அதன் பிறகு இராணுவ ஆட்சி தடை செய்தவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதில் நூலாசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன, இசை இருக்கிறது, கடைசியில் 'இஸட்' என்ற எழுத்தும் இருக்கிறது. பணம் போட்டவரே அந்தப் பாத்திரத்தை ஏற்றதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எவரும் வாங்க மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அந்தப் படத்தைப் பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 40 இலட்சம் பேர் அரங்குக்குப் போய்ப் பார்த்தார்கள். 1969இல் கான் விழாவில் நடுவர் பரிசும், ட்ரன்தின்யானுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. 1970இல் ஐந்து ஒஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு இரண்டை வென்றது. ஒன்று படத்தொகுப்புக்காகப் பிரான்சுவாஸ் பொனோ என்ற பெண்மணிக்கு. (படத்தொகுப்பு ஆண்களின் வேலை என்று எங்கள் வகுப்பில் ஒரு விவாதமே நடந்தது; இனி இந்தப் பெயர் போதும்.) மற்றது சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கானது. அது பிரான்ஸின் பெயரில் அல்ல, அல்ஜீரியாவின் பெயரில் வழங்கப்பட்டது. ஆபிரிக்காவுக்கும் அரபுலகுக்கும் அந்தப் பிரிவில் கிடைத்த முதல் ஒஸ்கார் அதுதான்.

இப்போது வாப்பாவின் கேள்வி. அல்ஜீரியாவுக்கு என்ன லாபம்?

இலாபம் இருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடு ஒன்று, ஒடுக்கப்படுவோரின் பக்கம் நிற்கிறோம் என்று உலகத்துக்குக் காட்டிக்கொள்ள விரும்பியது. சினிமாவுக்கு அரச நிறுவனம் அமைத்ததும் அதனால்தான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். அன்றைய அல்ஜீரிய அரசாங்கமே 1965 ஜூன் 19இல் இராணுவப் பலத்தால் வந்த ஒன்று. கேணல் ஹுவாரி பூமெதியன், முதல் ஜனாதிபதி பென் பெல்லாவைக் கவிழ்த்துத் தடுப்பில் வைத்திருந்தார். அதாவது, இராணுவச் சதிப்புரட்சியைக் கண்டிக்கும் படம், இராணுவச் சதிப்புரட்சியால் வந்த ஓர் அரசாங்கத்தின் உதவியோடு எடுக்கப்பட்டது.

இதை அறிந்தபோது எனக்குப் படத்தின் மீதிருந்த மதிப்பு சற்று ஆடியது. வாப்பாவிடம் சொன்னேன். "கடன் வாங்கக்குள்ள குடுக்கிறவன்ட குணத்தையும் பார்க்கணும் மகள்" என்றார். உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "எல்லாம் பார்த்துக்கிட்டிருந்தா அந்த மனிசன்ட மவுத்த ஆரு சொல்லியிருப்பா?" என்று கேட்டார். நான் இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு, உம்மாவின் பக்கமே வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு: உதவியவரின் பெயரை நன்றியோடு எழுதும்போது அவர் யார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பெரனைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பலர் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு தடவை வென்றவர் அடுத்த தடவை பாதுகாப்பான படம் எடுத்திருக்கலாம். பெரன் அப்படிச் செய்யவில்லை. 1972இல் அல்ஜீரிய யுத்தத்தைப் பற்றிய நீண்ட ஆவணப்படம் ஒன்றைத் தயாரித்தார். பத்து வருடங்களுக்கு முன் முடிந்த அந்த யுத்தத்தைப் பற்றிப் பிரான்ஸில் பலர் கதைக்கவே விரும்பாத காலம் அது. அதே வருடம் கொஸ்டா கவ்ராஸுடன் 'முற்றுகை நிலை' என்ற படம். தென் அமெரிக்க நாடான உருகுவேயில் 1970இல் கடத்திக் கொல்லப்பட்ட ஓர் அமெரிக்க அதிகாரியை அடிப்படையாகக் கொண்டது. சித்திரவதைக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் யார் என்ற கேள்வியை அந்தப் படம் நேராகக் கேட்கிறது. 1973இல் வாஷிங்டனில் ஒரு பெரிய திரையிடல் நிகழ்ச்சியில் காட்டப்படவிருந்த அந்தப் படம் கடைசி நேரத்தில் விலக்கப்பட்டது. படப்பிடிப்பு நடந்தது சிலி நாட்டில், ஜனாதிபதி அயெந்தேயின் காலத்தில். 1973 செப்டம்பர் 11இல் அங்கும் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சிலியில் நடந்ததைப் பற்றி ஓர் ஆவணப்படத்தையும் பெரன் பின்னர் தயாரித்தார்.

1975இல் வந்த 'விசேட நீதிமன்றம்' பிரான்ஸின் சொந்தக் காயத்தையே தொட்டது. 1941 ஓகஸ்டில் பாரிஸ் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஒரு ஜேர்மன் கடற்படையினர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜேர்மனியர்களைத் திருப்திப்படுத்துவதற்காகப் பிரெஞ்சு அரசாங்கம் அவசரமாக ஒரு சட்டம் செய்து, அதற்குப் பழைய திகதி போட்டது. கொலையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள், முன்பு சிறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றவர்கள், அந்தச் சட்டத்தின் கீழ் மறுபடி விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார்கள். சட்டம் படிக்க விரும்பும் தோழிகள் இந்தப் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். சட்டத்துக்கு முன்திகதி இடுவது என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாக விளங்காது. 'இஸட்' படத்தில் ஒரு நீதவான் மறுத்தார். இதில் நீதிபதிகள் ஒவ்வொருவராக இணங்கிப் போகிறார்கள்.

1976இல் ஜான் ஜாக் அனோ என்ற புதியவரின் முதல் படத்துக்குப் பெரனும் ஒரு தயாரிப்பாளர். முதலாம் உலக யுத்தம் தொடங்கிய செய்தி ஆபிரிக்காவில் இருக்கும் சில பிரெஞ்சுக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பிந்தித்தான் கிடைக்கிறது. உடனே அவர்களுக்கு நாட்டுப்பற்று பொங்கி எழுகிறது. பக்கத்து ஜேர்மன் முகாமைத் தாக்கப் புறப்படுகிறார்கள், ஆனால் சாவதற்கு அனுப்புவதோ கிராமத்து ஆபிரிக்கர்களை. சிரிக்க வைத்துக் குத்தும் படம். பிரான்ஸில் ஓடவில்லை. ஐவரி கோஸ்ட் நாட்டில் எடுக்கப்பட்டு, அந்த நாட்டின் பெயரில் அனுப்பப்பட்டு, சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஒஸ்காரை வென்றது. ஆக, ஆபிரிக்க நாடுகள் அந்தப் பரிசை வென்ற முதல் இரண்டு தடவைகளிலும் தயாரிப்பாளர்களில் ஒருவர் பெரன். அவை உண்மையில் ஆபிரிக்கப் படங்களா என்று கேட்பவர்கள் உண்டு; இயக்குநர்கள் ஐரோப்பியர், பேசும் மொழி பிரெஞ்சு. நியாயமான கேள்வி. அல்ஜீரியர் ஒருவர் அல்ஜீரியக் கதையைச் சொல்லிக் கானில் மிக உயர்ந்த விருதான தங்கப் பனையைப் பெற்றது 1975இல்தான். முஹம்மத் லக்தர் ஹமீனா இயக்கிய 'நெருப்பு வருடங்களின் வரலாறு' அந்தப் படம்.

அதே 1976இல் பெரன் கையைச் சுட்டுக்கொண்டார். தன்னை இளமையில் தூக்கிவிட்ட சுர்லினிக்காக 'தார்த்தாரியரின் பாலைவனம்' என்ற படத்தைத் தயாரித்தார். வராத எதிரிக்காக ஒரு கோட்டையில் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் படைவீரர்களின் கதை. ஈரானில் பாம் என்ற ஊரின் பழைய மண்கோட்டையில் எடுத்தார்கள். செலவு கட்டுக்கடங்கவில்லை. வந்த கடனை அடைக்கப் பெரனுக்கு வருடக்கணக்கில் எடுத்தது. தயாரிப்பாளர் என்பவர் வெற்றி விழாவில் மாலை போட்டுக்கொள்பவர் மட்டுமல்ல. எல்லோரும் வீட்டுக்குப் போன பின்னர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்லத் தனியாக நிற்பவரும் அவரே. அந்தக் கோட்டையின் பெரும்பகுதி 2003 டிசம்பர் 26இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. அதன் பழைய தோற்றம் அந்த நட்டப்பட்ட படத்தில் இருக்கிறது.

பிற்காலத்தில் பெரன் வேறு திசையில் போனார். பூச்சிகளைப் பற்றிய 'மைக்ரோகொஸ்மொஸ்' (1996), நேபாளத்து மலைமக்களைப் பற்றிய 'இமயம்' (1999), புலம்பெயரும் பறவைகளைப் பற்றிய படம் (2001), கடல்களைப் பற்றிய படம் என்று அடுத்தடுத்து வந்தன. பறவைப் படத்துக்காக முட்டையிலிருந்து வெளிவந்த நாள் முதல் குஞ்சுகளைத் தம் குரலுக்குப் பழக்கினார்கள். அவை வளர்ந்த பின்னர் சிறிய இலகு விமானங்களோடு சேர்ந்து பறந்தன. பார்க்கும்போது எங்கள் தோளுக்குப் பக்கத்தில் வாத்து பறப்பது போல இருக்கும். அரசியலை விட்டுவிட்டுப் பறவைக்குப் போய்விட்டார் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. நட்டம் வரலாம் என்று தெரிந்தும் எவரும் பணம் போடாத இடத்தில் போடுவதை அவர் நிறுத்தவில்லை. பூச்சிகளின் படத்துக்கு யார் வரிசையில் நிற்பார்கள்? நின்றார்கள்.

2004இல் தன் சகோதரியின் மகன் கிறிஸ்தோப் பராத்தியே இயக்கிய 'பாடகர் குழு' என்ற படத்தைத் தயாரித்து அதில் நடிக்கவும் செய்தார். கண்டிப்பான ஒரு விடுதிப் பாடசாலைக்கு வரும் சாதாரண இசை ஆசிரியரின் கதை. பிரான்ஸில் 85 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸில் ஜாக் பெரன் காலமானார். வயது 80. திகதி 21. கிரேக்கத்தில் இராணுவத் தாங்கிகள் வீதிக்கு வந்த அதே ஏப்ரல் 21, சரியாக 55 வருடங்களின் பின்.

இந்தப் படங்களைப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. 'இஸட்' இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலானது. அடிதடிக் காட்சிகள் இருப்பதால் சின்னத் தங்கைமாருக்கு வேண்டாம், உயர்தர மாணவிகள் பெற்றோருடன் பார்க்கலாம். 'பாடகர் குழு' குடும்பமாக இருந்து பார்க்கக்கூடியது, ஆசிரியர்களுக்கும் பிடிக்கும். சின்னவர்களுக்கு 'மைக்ரோகொஸ்மொஸ்' போதும். ஒன்றே கால் மணித்தியாலம்தான், பேச்சு மிகக் குறைவு, உபதலைப்பு வாசிக்கத் தேவையில்லை. இரண்டு நத்தைகளும் மழைத்துளி விழும் காட்சியும் வரும்போது மட்டும் தொலைபேசியை ஒரு பக்கம் வைத்துவிடச் சொல்லுங்கள்.